நடுவீட்டுத் தூர்

அசைந்தது. இல்லை, கடப்பாரைதான் வழுக்கியிருக்கும். பவளக்கொடி கடப்பாரையின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, கைகளின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, அந்தத் தூரையே பார்த்தாள். எப்போதோ வெட்டிய தைல மரத்தின் அடிக்கட்டை. ஒரு பக்கம் தீயில் கருகி, மறுபக்கம் சாம்பல் பச்சையில் கொழுந்து விட்டு, பாதி செத்தும் பாதி சாகாமலும் சுண்ணாம்புக் கோட்டுக்கு நட்டநடுவே உட்கார்ந்திருந்தது. இப்போதைக்குச் சுண்ணாம்புக் கோடுதான் வீடு. கிழக்கே வாசல், மேற்கே சமையல் மூலை, நடுவில் ஒரே அறை, அறையில் இந்தச் சுவரோரம் ஒரு கட்டில், அந்தச் சுவரோரம் ஒரு கட்டில், அது சிநேகிதி ஜெசிந்தாவுக்கு. இரண்டு கட்டிலுக்கும் நடுவே, ராத்திரி தண்ணீர்ச் செம்பு வைக்கவேண்டிய இடத்தில், தூர். வீட்டைக் கட்டிப்பார் கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். கல்யாணத்தை அவள் பண்ணிப் பார்க்கவில்லை. வீட்டையாவது கட்டிப் பார்ப்போமே என்றுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பெரும்பாறைக்கு மேலே, பேருந்து நிற்கிற வளைவிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு ஊடே நடந்து வரவேண்டிய இந்தச் சரிவை வாங்கினாள். விற்றவன் கெட்டிக்காரன். மரங்களைத் தனியாக ஆலைக்கு விற்றுவிட்டு, மிஞ்சிய தூர்க்காட்டை இவள் தலையில் கட்டிவிட்டான். கட்டட்டும், சந்தோஷமாகத் தலையைக் குனிந்து கொடுத்தது இவள்தானே. மற்ற தூர்களெல்லாம் போய்விட்டன. வேலப்பனும் அவன் பெண்டாட்டி குருவம்மாவும் சுற்றிலும் குழி பறித்து, பக்கவேர்களைக் கோடாலியால் தறித்து, வரட்டியும் உமியும் திணித்துத் தீ மூட்டி, நாள்கணக்கில் புகையவிட்டு ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் போட்டார்கள். இதற்கும் அதெல்லாம் செய்தாயிற்று. இன்று அவர்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். "இன்னிக்கு ஒரு நா பொறுத்துக்கங்கம்மா, நாளைக்கு வந்து ஒரே தள்ளு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான் வேலப்பன். பொறுத்துக்கொண்டு, கீழே பெரும்பாறையில் எடுத்திருந்த வாடகை அறையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் இன்று மதியப் பேருந்தில் ஜெசிந்தா வருகிறாள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்றுதான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேருக்கு அடியில் கொடுத்துச் சும்மா ஒரு நெம்பு நெம்பினாள். அவ்வளவுதான். அசைந்ததா என்ன? அறுபதைத் தாண்டிய ஒரு பொம்பளை நெம்பினால் தூர் அசையுமா? அசையாது. கடப்பாரைதான் வழுக்கியிருக்கும்.

அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்கலாம். கொழுந்துகளைக் கிள்ளலாம். கிள்ளினால் விரலில் தைல வாசனை ஒட்டிக்கொள்ளும், ஜலதோஷம் பிடித்த பிள்ளையின் தலையணை வாசனை. அதற்கும் அடியில், மூக்கைக் கிட்டே கொண்டுபோனால், இன்னமும் கொஞ்சம் பெருங்காயம். அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தூர் சாகமாட்டேன் என்கிறது என்று பேருந்தில் வாய் தவறிச் சொன்னதுதான் தப்பு. டிரைவர் முதல் கறிவேப்பிலைக் கட்டுக்காரி வரைக்கும் ஆளுக்கொரு வைத்தியம். உப்பைக் கொட்டு என்றாள் ஒருத்தி. மரத்தில் துளைபோட்டுப் பெருங்காயத்தை வைத்து அடைத்தால் எப்பேர்ப்பட்ட மரமும் வேரோடு பட்டுப்போகும் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். பவளக்கொடிக்கு அது பிடித்துப்போயிற்று. தீ வைப்பதைவிட மரியாதையான சாவாகத் தோன்றியது. வத்தலக்குண்டில் கட்டிப் பெருங்காயம் வாங்கி வந்து, வேலப்பனைத் துளைபோடச் சொல்லி, தானே நசுக்கித் திணித்து, களிமண்ணால் வாயைப் பூசி மூடினாள். மழை பெய்தது. தூர் ஊட்டம் கிடைத்த மாதிரி சுற்றிலும் தளதளவென்று கொழுந்து விட்டது. சரிவு முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை. தோட்டத்துக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போன பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னம்மா விசேஷம், பால் காய்ச்சுமுன்னயே விருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ராத்திரி போனில் சொன்னபோது ஜெசிந்தாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. கடுகையும் தாளிச்சுக் கொட்டுடி, சரியாப் போகும் என்றாள். அப்புறம் இருமல் நின்றதும், "அப்ப தூர் இன்னும் போகலையா?" என்றாள். போகலை என்றாள் இவள். "சரி, சரி. என்ன அவசரம். மெதுவா எடுக்கலாம்." எப்போது பேசினாலும் அதுதான் கேள்வி, தூர் போச்சா, தூர் போச்சா. எவ்வளவு அக்கறை. பக்கத்துத் தோட்டத்துக்கு ஜேசிபி வந்தபோது அந்த டிரைவர் பையன் தானாகவே இறங்கி வந்து, ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டான். வேண்டாம்ப்பா, மண்ணெல்லாம் கெட்டுப்போகும் என்றாள் பவளக்கொடி. குருவம்மா ஒரு பார்வை பார்த்தாள். அஸ்திவாரத்துக்குத் தோண்டப்போகிற மண், கெட்டால் என்ன, கெடாவிட்டால் என்ன என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நியாயமான பார்வைதான். எதற்கு அப்படிச் சொன்னேன்? வாயில் வந்தது, சொன்னேன். அதற்கு மேல் அதைத் தோண்டவேண்டாம். தோண்டுவதற்குத்தான் இங்கே நிறைய இருக்கிறதே.

கீழே எங்கோ ஒரு வளைவில் ஹாரன். மதியப் பேருந்தாக இருக்காது, வெயில் இன்னும் சில்வர் ஓக் மரங்களுக்கு அந்தப் பக்கமே நிற்கிறது. நேர்ல பேசணும் என்றாள் ஜெசிந்தா நேற்று. நாளைக்கு வர்றேன், நேர்ல பேசணும். அதற்கு என்ன அர்த்தம்? நேர்ல பேசணும் என்றால் நேரில் பேசவேண்டும் என்று அர்த்தம். இந்த வயதில் ஓசூரில் பிள்ளை வீட்டிலிருந்து பேருந்து மாறி, பேருந்து மாறி வந்து மலை ஏறிப் பேசவேண்டிய பேச்சு எது? நல்ல பேச்சென்றால் போனிலேயே சொல்லலாமே. கெட்ட பேச்சென்றாலும் போனிலேயே சொல்லலாமே. திண்டுக்கல் எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை குரல்களைக் கேட்டிருக்கிறார்கள்! ட்ரங்க் கால் பதிவு செய்ய வருகிற குரல் 'ஹலோ' என்றதுமே சாவா, பிரசவமா, சண்டையா என்று பவளக்கொடிக்குத் தெரிந்துவிடும். சாவுச் செய்தி சொல்கிறவர்கள் சத்தமாகப் பேசமாட்டார்கள், ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். ஜெசிந்தா நேற்று மரியாதையாகப் பேசினாளா? வர்றேன்டி என்றாளா, வர்றேன் என்றாளா? 'டி' இருந்ததா? ஊரார் குரலையெல்லாம் பிரித்துப் பார்த்த காது, வேண்டிய நேரத்தில் காலை வாரிவிடுகிறது. லைன்ல இருங்க, லைன்ல இருங்க என்று சொல்லியே இருவருக்கும் வாழ்க்கையில் பாதி போயிற்று. அந்த இரண்டு வார்த்தைக்குள் எத்தனை பேரைக் காக்கவைத்திருக்கிறார்கள். காத்திருக்கிறவன் லைனை வைக்கமாட்டான். வைத்துவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமே. இங்கே ஒரு வீடு என்று முதலில் சொன்னது யார்? ஜெசிந்தாதான். ஆபீஸ் பிக்னிக்கில், வேன் இதே மலையில் எங்கேயோ சூடாகி நின்றபோது, மண் ஓடு போட்ட ஒரு குட்டி வீட்டைக் காட்டி, "ரிட்டயர் ஆனப்புறம் இப்படி ஒரு எடத்துல ரெண்டு பேரும் கெடந்துரணும்டி" என்றாள். அப்போது அவள் புருஷன் அந்தோணிசாமி உயிரோடு இருந்தார். புருஷனை வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னாளே என்று பவளக்கொடிக்கு ஒரு சின்ன வெற்றி மாதிரிகூட இருந்தது, வெட்கக்கேடு. பிக்னிக்கில் ஜனங்கள் என்னென்னவோ சொல்வார்கள். குருவியாகப் பிறந்திருக்கலாம் என்பார்கள், திரும்பும் வழியில் மலைப்பூண்டு வாங்கினதும் மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை. தம்பி வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலை விரிக்கும்போதெல்லாம், காலையில் எல்லாரும் எழுந்திருப்பதற்குள் அதை மடக்கி வைக்கும்போதெல்லாம், அந்த ஓட்டு வீட்டை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். தம்பி பெண்டாட்டி கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிடலாம். அவள் தட்டில் முதலில் மீன் துண்டை வைத்துவிட்டு, "தனியா ஒரு பொம்பள காட்டுக்குள்ளயா அண்ணி?" என்று உண்மையான கவலையோடு கேட்கிறாள். தனியா இல்லை, ஜெசிந்தா வர்றா என்று சொல்லிச் சொல்லித்தான் இவள் நிலத்தை வாங்கினாள், கோடு போட்டாள், கட்டிலுக்கு அளவு எடுத்தாள். ஜெசிந்தா வரவில்லை என்றால்? வரவில்லை என்றால் என்ன செய்வது என்ற இடத்துக்கு வந்ததும் நினைப்பு அப்படியே நின்று, திரும்பி, மறுபடி பிக்னிக் வேனுக்கே போய்விடுகிறது, மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி.

சரி, பார்த்துவிடலாம். அவள் கடப்பாரையை மறுபடி எடுத்து, முன்பு கொடுத்த அதே இடத்தில் கொடுத்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதன் மேல் சாய்த்தாள். உள்ளே எங்கோ ஒரு வேர் பட்டென்று அறுந்தது. தூர் ஒரு பக்கமாக எழுந்து, பெருமூச்சு விட்ட மாதிரி மறுபடி உட்கார்ந்தது. விளிம்பில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு. பிளவிலிருந்து ஈரமண் வாசனை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதான், வேலப்பன் போட்ட அடியெல்லாம் சேர்ந்து இவள் கையில் வந்து விடிந்திருக்கிறது. இன்னொரு நெம்பு போதும். சந்தோஷம் வரவேண்டும். வந்தது பயம். பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருமே அந்தப் பயம். தூர் போய்விட்டால் நாளைக்கே அஸ்திவாரம் தோண்டலாம். தோண்டினால் அறை எத்தனை அகலம் என்று சொல்லவேண்டும். இரண்டு கட்டில் அகலமா, ஒரு கட்டில் அகலமா? அதைச் சொல்லவேண்டுமானால் ஜெசிந்தாவைக் கேட்கவேண்டும், வர்றியா, இல்லையா என்று நேராக. இத்தனை நாளும் கேட்கவில்லையே. தூர் போகட்டும், கேட்கலாம். தூர் போகட்டும், சொல்லலாம். ஆக, தூரை இங்கே பிடித்து வைத்திருந்தது தைல மரத்தின் வேர் இல்லை. ஜேசிபிக்காரனிடம் மண் கெட்டுப்போகும் என்றதும், மரியாதையான சாவு என்று பெருங்காயம் வைத்ததும் எல்லாம் ஒன்றுதான், லைன்ல இருங்க. இது தெரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பும் எரிச்சலும் வந்தன. தெரிந்து என்ன, கை வேறு வேலை செய்தது. மண்வெட்டியால் மண்ணை இழுத்துப் பிளவில் தள்ளி, செருப்புக்காலால் மிதித்தாள். நன்றாக மிதித்தாள். நாற்றுக்கு மண் அணைக்கிற மாதிரி தூரைச் சுற்றி வந்து வந்து மிதித்தாள். யாராவது பார்த்தால் கிழவிக்குக் கிறுக்கு என்பார்கள். யாரும் பார்க்கவில்லை. காப்பிச் செடிகளுக்குள் ஏதோ சரசரத்தது. காட்டுமாடா? போன வாரம் வாசல் கோட்டின் மேலேயே காட்டுமாடு சாணி போட்டுவிட்டுப் போயிருந்தது. "கெரகப்பிரவேசத்துக்கு லச்சுமி வந்துருக்கு" என்றாள் குருவம்மா. லட்சுமிக்கு இத்தனை பெரிய கொம்பா? தனியாக இருந்தால் ராத்திரி அது வந்து சுவரில் உரசும். ஓட்டில் மழை விழும். கரண்ட் போகும். தண்ணீர் வேண்டுமென்றால் தானே எழுந்து போய்க் குடிக்கவேண்டும். செத்துக் கிடந்தால் யார் பார்ப்பார்கள், வேலைக்கு வருகிற குருவம்மா பார்ப்பாள். இப்படிச் சாவு வரைக்கும் போய்விட்ட பிறகு, ஆச்சரியம், பயம் அதற்கு மேல் போக இடம் இல்லாமல் நின்றுவிட்டது. சரசரத்தது ஒரு காட்டுக்கோழி. குஞ்சுகளோடு வெளியே வந்து, இவளை ஒரு ஆளாகவே மதிக்காமல் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, அறைக்குள் நுழைந்து, சமையல் மூலையில் கிளறிவிட்டு, அந்தப் பக்கம் போயிற்று. அது போன திசையையே பவளக்கொடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கழுத்தில் இதமாக இருந்தது. நல்ல இடம். யார் வந்தாலும் வராவிட்டாலும் நல்ல இடம்.

பேருந்து வந்ததும் போனதும் காதில் விழவே இல்லை. "பவளம்! ஏ பவளம்!" என்ற குரல் கேட்டுத் திரும்பினால், ஜெசிந்தா ஒரு கையில் குடையும் ஒரு கையில் கூடையுமாகச் சரிவில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். பவளக்கொடி ஓடிப்போய்க் கூடையை வாங்கினாள். "அடியே, இதுவா வீடு?" என்று கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஜெசிந்தா வாசல் வழியாகவே ஒழுங்காக உள்ளே வந்து, உட்கார வேறு எதுவும் இல்லாததால், நேராகப் போய்த் தூரின் மேல் உட்கார்ந்தாள். தூர் சாய்ந்தது.

"மாதாவே!" என்று பவளக்கொடியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "என்னடி, ஆடுது?"

"ஆடும்."

"அசையவே மாட்டேங்குதுன்னு நேத்துக்கூடச் சொன்ன?"

"இன்னிக்குக் காலைலதான் ஆடுச்சு."

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். புதுமண். அதன் மேல் வட்டம் வட்டமாகச் செருப்புத் தடம். "ஆடினதுக்கப்புறம் மண்ணப் போட்டு மிதிச்சிருக்கியா?"

"மிதிச்சேன்."

"எதுக்கு?"

சொல்வதற்கு நாலு பொய்கள் நாக்கு நுனியில் இருந்தன. எதையும் எடுக்கப் பிடிக்கவில்லை. "நேர்ல பேசணும்னியே. அத நீ பேசாம இருக்கணும்னுதான்."

ஜெசிந்தா குடையை மடக்கினாள். ரொம்ப நேரம் மடக்கினாள். அதன் பட்டனைப் போடுவது பெரிய வேலையாக இருந்தது. "நான் வரலடி" என்றாள் கடைசியில். "ஒவ்வொரு தடவையும் தூர் போச்சா, தூர் போச்சான்னு கேப்பேன்ல. போகலன்னு நீ சொன்னா எனக்கு அப்பாடான்னு இருக்கும். நீ இங்கன பெருங்காயத்த வச்சுக்கிட்டு முட்டி மோதுற, நான் அங்கன அது சாகக் கூடாதுன்னு செபம் பண்ணுறேன். பாவியில்லையா நான்? பேத்தி ராத்திரில என் வெரலப் பிடிச்சாத்தான் தூங்குறா. அது ஒண்ணு. அது மட்டும்னு சொன்னா பொய். எனக்கு இந்த மலை பயமா இருக்கு பவளம். இருட்டு பயமா இருக்கு. அன்னிக்கு வேன்ல சொன்னேன் பாரு, அது நெசமாத்தான் சொன்னேன். இன்னிக்கு வரலன்னு சொல்றதும் நெசம்தான். போன்ல சொன்னா நீ சரின்னு வச்சிருவ. அதான் வந்தேன்."

வலித்தது. இல்லை என்று சொல்லிப் பயனில்லை, நன்றாகவே வலித்தது. பவளக்கொடி அந்த வலியோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. வாசல் கிழக்கே இருந்தது. ஜெசிந்தா வரலைன்னு சொன்னதும் வீடு போய்விடும் என்று அல்லவா இத்தனை நாளும் நினைத்தாள்? அது போகவில்லை. ஒரு கட்டில் மட்டும்தான் எழுந்து போயிருந்தது. இவ்வளவு தூரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்ல மலை ஏறி வந்தவளின் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. பவளக்கொடி முந்தானையால் இரண்டையும் துடைத்துவிட்டாள்.

"அழாத. வந்ததுக்கு ஒரு வேல செய். அந்தப் பக்கம் வந்து கடப்பாரையப் பிடி."

"நானா? என் முட்டி..."

"முட்டியால யாரு நெம்பச் சொன்னா? கையால பிடி."

ஜெசிந்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இருவரும் ஒரே கடப்பாரையில் கையோடு கை ஒட்டப் பிடித்து, ஏலேலோ என்று யாரோ ஒருத்தி ஆரம்பிக்க, சிரிப்பில் பிடி நழுவி, மறுபடி பிடித்து, மூச்சைப் பிடித்துச் சாய்ந்தார்கள். மிதித்த மண் முதலில் வெடித்தது. அப்புறம் மீதி வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. தூர் மல்லாந்து விழுந்து, சரிவில் ஒரு சுற்று உருண்டு, சமையல் மூலைக் கோட்டை அழித்துக்கொண்டு போய்க் கல்லில் முட்டி நின்றது. அது இருந்த இடத்தில் ஈரமும் சிவப்புமாக ஒரு குழி. இரண்டு பேரும் இரைக்க இரைக்க அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். ஜெசிந்தா கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் இவளிடம் நீட்டினாள். குடித்துவிட்டு இவள் நீட்டினாள். காற்று வந்து போயிற்று.

"அப்ப நீ தம்பி வீட்டுக்கேவா?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

"இல்ல. இங்கதான். நாளைக்கு வேலப்பன் வந்ததும் தோண்டச் சொல்லணும்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"பயமா இருக்காதா பவளம்?"

"இருக்கும்" என்றாள் பவளக்கொடி. "இருந்துட்டுப் போகட்டும்."